டீச்சரிடம் கேளுங்கள்: ஓட்ஸ் பாலில் ஃபில்டர் காபி போடலாமா?

போன இதழில் பால் ஒத்துக்கொள்ளாதவர்களைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஓட்ஸ் பாலைப் பற்றித்தான். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. வற்றல், வடகம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கப் ஓட்ஸை ராத்திரியே ஊறவைத்து, காலையில் மிக்ஸியில் நைசாக அரைத்து, துணியில் கட்டிப் பிழிந்து எடுத்தேன். பார்வைக்குப் பால் மாதிரியே இருந்தது. டீ போடலாம் என்று அடுப்பில் வைத்தால், போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி ஆகிவிட்டது. எங்கே தப்பு?
வாசகி, திருச்சி

ஊறவைத்தது, நைசாக அரைத்தது, பிழிந்தது. மூன்றும்தான்!

தேங்காய்ப்பால் எடுத்துப் பழகிய கை, எதைக் கண்டாலும் பிழியத்தான் பார்க்கும். தேங்காயில் பிழியப் பிழியக் கொழுப்பு வரும், நல்லது. ஓட்ஸில் பிழிந்தால் வருவது மாவுச்சத்தும், பீட்டா குளூக்கன் என்கிற வழுவழுப்பான நார்ச்சத்தும். உடம்புக்கு இரண்டும் கெடுதல் இல்லை. ஆனால் மாவுச்சத்து தண்ணீரோடு சேர்ந்து 60 டிகிரி சூட்டைத் தொட்டதும் ஊதிக் கெட்டியாகிவிடும். மைதாப் பசை காய்ச்சும்போது நடப்பதும் இதுதான். நீங்கள் அடுப்பில் வைத்தது பால் இல்லை, வடிகட்டிய கஞ்சி. கஞ்சி என்று நினைத்துக்கொண்டு கையாண்டால் ஓட்ஸ் பால் சொன்னபடி கேட்கும். பால் என்று நம்பினால் ஒவ்வொரு இடத்திலும் காலை வாரும்.

சரி, எப்படிச் செய்வது? அவல் மாதிரித் தட்டையாக இருக்கிற ஓட்ஸ் ஒரு கப், ஃப்ரிட்ஜில் வைத்த சில்லென்ற தண்ணீர் நாலு கப், ஒரு சிட்டிகை உப்பு. ஊறவைக்கவே வேண்டாம். நம் ஊர் மிக்ஸி ஓடினாலே ஜார் சூடாகும், அந்தச் சூடே வழுவழுப்பைக் கிளப்பிவிடும். அதனால் விட்டு விட்டு, எல்லாம் சேர்த்து அரை நிமிடத்துக்கு மேல் ஓடக்கூடாது. ஓட்ஸ் ரவை ரவையாக உடைந்திருந்தால் போதும். பழைய வேட்டித் துணியில் ஊற்றி, தானாக இறங்கும்வரை சும்மா இருங்கள். கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேலே நிற்பதை மட்டும் மெதுவாக இறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படி எடுத்தாலும் கொதிக்க வைத்தால் கொஞ்சம் கெட்டியாகத்தான் செய்யும். கடைப் பெட்டியில் வருவது மட்டும் எப்படித் தண்ணியாகவே நிற்கிறது என்று கேட்பீர்கள். 1990களில் சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிக்கார்ட் ஓஸ்டே என்ற உணவு விஞ்ஞானி கண்டுபிடித்த வழி அது. ஓட்ஸ் கரைசலில் நொதிகளைச் சேர்த்து மாவுச்சத்தை உடைத்துவிடுகிறார்கள். உடைந்த மாவு மால்டோஸ் என்கிற சர்க்கரையாக மாறும். சர்க்கரையே போடாத பெட்டிப் பாலும் லேசாக இனிப்பது அதனால்தான்.

நொதிக்கு நாம் சுவீடன் போக வேண்டியதில்லை. முளைகட்டிய கேழ்வரகில் அதே வகை நொதி இருக்கிறது. நான் கல்லூரியில் மனையியல் நடத்தியபோது மாணவிகளுக்கு ஆண்டுதோறும் செய்து காட்டுவேன். கரண்டி நிற்கிற அளவுக்குக் கெட்டியான கஞ்சியில் ஒரு டீஸ்பூன் முளைக்கேழ்வரகு மாவைப் போட்டுக் கிளறினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கஞ்சி இளகிக் கரண்டியிலிருந்து வழிய ஆரம்பிக்கும். கைக்குழந்தைகள் குடிக்கிற மாதிரி, அதே சமயம் சத்துக் குறையாமல் கஞ்சி செய்வதற்கு இந்த உத்தியை நம் நாட்டு ஊட்டச்சத்துக்காரர்கள் ரொம்ப காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஓட்ஸ் பாலுக்கும் அதே வழிதான். அரை லிட்டர் ஓட்ஸ் பாலைக் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள், கெட்டியாகட்டும். இறக்கி வைத்து, விரலை விட்டால் சட்டென்று எடுக்கத் தோன்றுகிற சூட்டுக்கு ஆறியதும் ஒரு டீஸ்பூன் மாவைத் தூவிக் கலக்கி, மூடிக் கால் மணி நேரம் வையுங்கள். இளகியதும் வடிகட்டி ஒரு கொதி விட்டால் நொதி அடங்கிவிடும். கொதிக்கிற பாலில் மாவைப் போட்டால் நொதி செத்துவிடும், பலனில்லை. முளைக்க வைத்து வெயிலில் காயவைத்து அரைத்த மாவாகவும் இருக்க வேண்டும். கடையில் சத்துமாவு என்று விற்பதைப் பெரும்பாலும் வறுத்துத்தான் அரைக்கிறார்கள். நிறம் கொஞ்சம் மங்கும், கேழ்வரகு வாசம் லேசாகத் தெரியும். எனக்குப் பிடிக்கும். உங்கள் வீட்டில் எப்படியோ!

காபி இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது. டாக்டர் பாலை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஓட்ஸ் பால் பெட்டி வாங்கி, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி டிகாக்‌ஷனில் ஊற்றினால் துகள் துகளாகத் திரிந்து மிதக்கிறது. பெட்டி கெட்டுப்போனதா?
வாசகர், மயிலாப்பூர், சென்னை

பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. டிகாக்‌ஷன் புளிப்புத்தன்மை உள்ளது. ஓட்ஸ் பாலில் இருக்கிற கொஞ்சநஞ்சப் புரதம் அந்தப் புளிப்பும் கொதிநிலைச் சூடும் ஒன்றாகத் தாக்கும்போது திரண்டுவிடுகிறது.

பெட்டியில் 'பாரிஸ்டா' என்று போட்டிருப்பதை வாங்குங்கள். அதில் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், புளிப்பைத் தாங்குவதற்கு ஒரு பாஸ்பேட் உப்பும் இருக்கும். பின்பக்கப் பொடி எழுத்தில் 340 என்ற எண்ணைத் தேடுங்கள், அதுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்த உப்பு சேர்த்த பாலை டாக்டரைக் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம்.

அடுத்தது காய்ச்சுகிற விதம். பசும்பால் மாதிரிப் பொங்கவிடக் கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் கட்டி ஆவி வந்ததும் இறக்கிவிடுங்கள். டம்ளரில் முதலில் பால், அப்புறம் டிகாக்‌ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். காலையில் இறக்கிய டிகாக்‌ஷனைச் சாயங்காலம் சூடுபண்ணி ஊற்றுகிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். நேரம் ஆக ஆகப் புளிப்பு ஏறும். நன்றாகக் கறுக வறுத்த கொட்டையில் புளிப்பு குறைவு. காபிக்கடையில் 'இன்னும் ஒரு சுற்று வறுங்க' என்று சொல்லி, 70க்கு 30 சிக்கரி கலந்து வாங்கிப் பாருங்கள். சிக்கரி என்றாலே முகம் சுளிக்கிற சுத்த காபிக்காரராக நீங்கள் இருக்கலாம். ஆனால் ஓட்ஸ் பாலில் இல்லாத கனத்தைக் கொஞ்சமாவது ஈடுகட்டுவது சிக்கரிதான்.

சர்க்கரையை வழக்கத்தில் பாதி போட்டு ருசி பாருங்கள், பாலே இனிக்கும். டபராவில் நாலு ஆற்று ஆற்றினால் பாரிஸ்டா வகையில் நுரைகூட நிற்கும். கும்பகோணம் டிகிரி காபியின் ருசி வருமா என்று கேட்காதீர்கள். வராது. எங்கள் வீட்டில் மருமகள் இதைத்தான் குடிக்கிறாள், எனக்கும் ஒரு டம்ளர் நீட்டுவாள். குடிப்பேன். குடித்துவிட்டு எனக்கு ஒரு காபி போட்டுக்கொள்வேன்.

டீக்கும் ஒரு வார்த்தை. தூளையும் பாலையும் ஒன்றாகக் கொதிக்கவிடுகிற நம் முறை இதற்கு ஆகாது. இஞ்சி, ஏலக்காய், தூள் எல்லாவற்றையும் தண்ணீரிலேயே நன்றாகக் கொதிக்கவிட்டு வடிகட்டி, கடைசியில் சூடான ஓட்ஸ் பாலைச் சேருங்கள்.

ஓட்ஸ் பாலில் உறை ஊற்றினால் தயிர் வருமா?
வாசகி, நாமக்கல்

வராது. புளிக்கும், தோயாது. தயிர் கட்டியாக நிற்பது பாலில் இருக்கிற கேசீன் என்ற புரதத்தால். ஓட்ஸில் அது கிடையாது. பனீரும் இதே காரணத்தால் வராது. பால் சேராத தயிர்சாதம் வேண்டுமென்றால் வேர்க்கடலைப் பாலோ சோயாப் பாலோ எடுத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது நாலைந்து பச்சைமிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடி வையுங்கள். முதல் தடவை தோய்வது கொஞ்சம் தளதளவென்றுதான் இருக்கும். அதையே உறையாக வைத்து மறுமுறை தோய்த்தால் தேவலை.

பேரனின் பிறந்தநாளுக்குச் சேமியா பாயசம் வைக்க வேண்டும். வீட்டில் இரண்டு பேர் பால் சாப்பிட மாட்டார்கள். ஓட்ஸ் பாலில் வைத்தால் நன்றாக இருக்குமா? வெல்லம் சேர்க்கலாமா?
வாசகி, கோவில்பட்டி

தாராளமாக. சொல்லப்போனால் ஓட்ஸ் பால் ஜொலிக்கிற இடம் இதுதான். பசும்பாலில் வெல்லப் பாகை ஊற்றும்போது நம் அம்மாக்கள் எவ்வளவு பயந்தார்கள்! அடுப்பை அணைத்து, பாலை ஆறவிட்டு, பாகையும் ஆறவிட்டு, அப்படியும் சில நாள் திரிந்துவிடும். வெல்லத்தின் புளிப்பும் உப்புகளும் கேசீனைத் திரளச் செய்வதால் வருகிற வினை அது. ஓட்ஸ் பாலில் கேசீனே இல்லை என்பதால் அந்தக் கவலை பெரிதாக இல்லை. வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டிக்கொண்டால் போதும்.

அரை கப் சேமியாவைத் தேங்காயெண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, இரண்டு கப் தண்ணீரில் முழுசாக வேகவிடுங்கள். தண்ணீரில்தான், ஓட்ஸ் பாலில் வேகவிட்டால் அடி பிடிக்கும். வெந்ததும் அரை கப் வெல்லத்தின் பாகு. அது ஒரு கொதி வந்தபிறகு இரண்டு கப் ஓட்ஸ் பாலை ஊற்றி, சூடேறியதும் இறக்கிவிட வேண்டியதுதான். இறக்கும்போது 'என்ன இது, தண்ணியாக இருக்கிறதே' என்று தோன்ற வேண்டும். அரை மணி நேரத்தில் தானாகச் சேர்ந்துகொள்ளும். இறக்கும் பதத்திலேயே கெட்டியாக இருந்தால் பந்தி போடும் நேரத்தில் கத்தியால்தான் வெட்ட வேண்டியிருக்கும்.

ஒரு குறை உண்டு. பசும்பாலில் இருக்கும் கொழுப்பு இதில் இல்லாததால் பாயசம் நாக்கில் நிற்காமல் ஓடிவிடும். அதற்குக் கடைசியில் அரை கப் முதல் தேங்காய்ப்பால் விட்டு, முந்திரியைத் தேங்காயெண்ணெயில் வறுத்துப் போடுங்கள். வந்தவர்கள் இரண்டாவது டம்ளர் கேட்பார்கள்.

பால் பாயசம் மட்டும் முயல வேண்டாம். மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சிப் பால் இளஞ்சிவப்பாவது அதன் உயிர். ஓட்ஸ் பாலைச் சுண்டவிட்டால் மறுபடி திருச்சி வாசகியின் பசைக் கதைதான்.

எனக்குக் கொலஸ்ட்ரால். தேங்காய் வேண்டாமென்று மகள் சொல்கிறாள். சொதியை ஓட்ஸ் பாலில் வைக்கலாமா?
வாசகர், பாளையங்கோட்டை

அண்ணாச்சி, சொதியையா! திருநெல்வேலிக்காரர் நீங்களே இப்படிக் கேட்கலாமா?

முழுக்க ஓட்ஸ் பாலில் வைத்தால் அது காய்கறி சூப். நன்றாகவே இருக்கும், சொதி என்று மட்டும் சொல்லாதீர்கள். நடுவழி ஒன்று இருக்கிறது. காய் வேகவிடும் மூன்றாம் பாலுக்குப் பதில் தண்ணீர், இரண்டாம் பாலுக்குப் பதில் ஓட்ஸ் பால், இறக்கும்போது மட்டும் கால் கப் முதல் பால். இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் அடுப்பை அணைத்த பிறகுதான். பாசிப்பருப்பைக் குழைய வேகவிட்டுச் சேர்ப்பதால் கனம் குறைவது அவ்வளவாகத் தெரியாது. கடைப் பெட்டியை வாங்கினால் இனிப்புச் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் எடுத்தது இதற்கு இன்னும் பொருத்தம். குருமா, சூப், வெள்ளை சாஸ் எல்லாவற்றிலும் கெட்டியாவது நமக்குச் சாதகம், சோளமாவு தனியாகக் கரைத்து ஊற்ற வேண்டியதில்லை.

கொலஸ்ட்ராலுக்காக ஓட்ஸ் என்றால் பாலாக வடிகட்டிக் குடிப்பதைவிடக் கஞ்சியாகச் சாப்பிடுங்கள். குறைக்க உதவுகிற பீட்டா குளூக்கனில் நிறையச் சக்கையோடு போய்விடுகிறது.

பால் குடித்தால் வயிறு உப்பிக்கொள்கிறது. ஓட்ஸ் பால் பெட்டி 300 ரூபாய் சொல்கிறார்கள். தினமும் கட்டுப்படியாகுமா? வேறு வழி இல்லையா?
வாசகி, ஓசூர்

இந்தக் கடிதத்துக்குத்தான் நான் காத்திருந்தேன். தயிர், மோர் சாப்பிட்டால் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அது ஒத்துக்கொள்கிறது என்றால், உங்கள் சிக்கல் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையாக இருக்க வாய்ப்பு அதிகம். தயிராகும்போது அதில் ஒரு பகுதியைக் கிருமிகளே தின்றுவிடும், நெய்யில் ஏறக்குறைய இல்லவே இல்லை. அப்படியானால் நீங்கள் முழுதாக மாற வேண்டிய அவசியமே இல்லை. லாக்டோஸ் நீக்கிய பசும்பாலே கடைகளில் வருகிறது, அதில் தயிரும் தோயும், காபியும் திரியாது. மோர் கொஞ்சம் பட்டாலே தடிப்பு, மூச்சுத்திணறல் என்றால் அது பால் புரத ஒவ்வாமை. அது வேறு விஷயம், பாலில் செய்த எதுவுமே கூடாது, டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

விலைக்கு வருவோம். ஒரு கப் ஓட்ஸ் 90 கிராம் சொச்சம். கிலோ 200 ரூபாய் என்று வைத்தாலும் முக்கால் லிட்டர் பால் 20 ரூபாய்க்குள் அடங்கிவிடும். காபிக்கு மட்டும் பெட்டி, சமையலுக்கு வீட்டில் எடுத்தது என்று வைத்துக்கொண்டால் ஒரு பெட்டியைத் திறந்து நாலைந்து நாள் ஓட்டலாம். அதற்குமேல் திறந்த பெட்டியை வைக்காதீர்கள்.

சத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 100 மில்லி பசும்பாலில் புரதம் 3 கிராமுக்குமேல், ஓட்ஸ் பாலில் சுமார் 1 கிராம். பசும்பாலில் கால்சியம் 120 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், வீட்டு ஓட்ஸ் பாலில் பேருக்குத்தான். பெட்டிப் பாலில் கால்சியமும் பி12ம் சேர்த்திருந்தால் பின்பக்கம் போட்டிருப்பார்கள். அந்தக் கால்சியம் அடியில் படியும், ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். கேழ்வரகு, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, அசைவர்களானால் முள்ளோடு தின்கிற நெத்திலி, இவற்றில் ஒன்று தினமும் தட்டில் இருக்கட்டும்.

பெட்டியில் 'பால்' என்றே போடவில்லை, 'ஓட்ஸ் பானம்' என்றிருக்கிறது. போலியா?
வாசகர், திருப்பூர்

போலி இல்லை. மாடு, எருமை போன்றவற்றிலிருந்து கறப்பதற்கு மட்டும்தான் அந்தச் சொல் என்பது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. 2021லிருந்து இதில் கறாராக இருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் இதே கதைதான். தேங்காய்ப்பாலுக்கு விலக்கு உண்டு. நல்லவேளை!

ஒரு வயதுகூட ஆகாத பேத்திக்குத் தாய்ப்பால் போதவில்லை. ஓட்ஸ் பால் கொடுக்கலாமா? என் கணவருக்குச் சர்க்கரை, அவருக்கும் இதையே கொடுக்கலாமா?
வாசகி, காரைக்குடி

குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். தாய்ப்பால் போதவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டி அவர் சொல்கிற பவுடர் பாலைக் கொடுங்கள். ஓட்ஸ் பாலில் வளர்கிற குழந்தைக்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் கிடையாது. ஒரு வயதுக்குமேல் பாயசத்திலோ கூழிலோ சேர்வது பரவாயில்லை, பாலுக்கு மாற்றாக வேளாவேளைக்கு ஊற்றுவதென்றால் அப்போதும் டாக்டரைக் கேட்டுத்தான்.

உங்கள் கணவருக்கு: 'சர்க்கரை சேர்க்காதது' என்ற எழுத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். நொதியால் உண்டான மால்டோஸ் உள்ளேயே இருக்கிறது, அது ரத்தத்தில் சட்டென்று ஏறுகிற சர்க்கரை. பசும்பாலின் லாக்டோஸ் அவ்வளவு வேகமாக ஏறாது. பால் ஒத்துக்கொள்கிறவர் என்றால் பாலிலேயே இருக்கட்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் இனிப்புச் சேர்க்காத சோயாப் பால் மேல், புரதமும் பசும்பாலுக்குக் கிட்டத்தட்ட வரும். வாசம்தான் பிடிக்காது என்பார். ஏலக்காய் தட்டிப் போட்டுக் கொடுங்கள்.

வடிகட்டிய பிறகு சக்கை நிறைய மிஞ்சுகிறது. தூக்கிப்போட மனசு வரவில்லை.
வாசகி, தஞ்சாவூர்

எதற்குத் தூக்கிப்போட வேண்டும்? அடை மாவு ஒரு கரண்டிக்கு ஒரு கைப்பிடிச் சக்கை கணக்கில் கலந்து, வெங்காயமும் முருங்கைக்கீரையும் போட்டுத் தட்டுங்கள். தோசை மாவில் கலந்து மெல்லிசாக வார்த்தால் கல்லில் ஒட்டும், அதனால் அடை, ஊத்தப்பம் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எண்ணெய் ஓரத்தில் ஒரு சுற்று கூடுதலாக விட்டு, தணலைக் குறைத்து நிதானமாக வேகவிடுங்கள். சக்கையில் ஈரம் அதிகம், அவசரப்பட்டால் மேலே சிவந்து உள்ளே மாவாக இருக்கும். அன்றைக்கே செய்ய முடியாவிட்டால் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைக்கலாம், வெளியில் வைத்தால் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும்.